மூன்று மொழிகளைச் சேர்த்துப் பயின்றவர்களும் 'ஆரியர்' என்ற சொல்லும்

1816ஆம் ஆண்டில், ஒன்றையொன்று அறியாத இரண்டு நூல்கள் இரு வேறு நகரங்களில் அச்சேறின. ஒன்று ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகரில் வெளியானது. அதனை எழுதியவர் 25 வயதுகூட நிறையாத பிரான்ஸ் பொப் என்ற இளைஞர். சமஸ்கிருத வினைச்சொற்கள் திரிபடையும் முறையைக் கிரேக்கம், இலத்தீன், பாரசீகம், ஜேர்மானியம் ஆகிய மொழிகளுடன் ஒப்பிடுவதே நூலின் பொருள். அம்மொழிகள் அனைத்தின் பெயர்களும் அதன் நீண்ட தலைப்பிலேயே இடம்பெற்றிருந்தன. மற்றையது சென்னையில் வெளியான, ஏ. டி. கம்பெல் எழுதிய தெலுங்கு இலக்கணம். அதன் முன்னுரையுடன் இணைக்கப்பட்ட குறிப்பொன்றைச் சென்னைக் கலெக்டர் பிரான்சிஸ் வைட் எல்லிஸ் எழுதியிருந்தார். திருக்குறளில் ஈடுபாடு கொண்டு 'எல்லீசன்' எனத் தம்மை அழைத்துக்கொண்டவர் அவரே.

பொப்பின் நூல் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் ஒரு புதிய பாடத்துறையைத் தோற்றுவித்தது. எல்லிஸின் குறிப்போ நீண்ட காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. ஆயினும் இரண்டும் எழுப்பிய வினா ஒன்றுதான்: இரு மொழிகள் உறவுடையவை என்பதை எதைக் கொண்டு தீர்மானிப்பது?

ஜேர்மன், பாரசீகம், கிரேக்கம் ஆகிய மூன்றையும் ஒரே வேளையில் பயில்வதென்பது முதல் நோக்கில் விசித்திரமான தெரிவாகவே தோன்றும். மூன்றுக்கும் மூன்று வரிவடிவங்கள். அவற்றுள் பாரசீகம் வலமிருந்து இடமாக எழுதப்படுவது. மூன்றையும் பேசுவோர் வாழும் நிலங்கள் ஒன்றுக்கொன்று தொலைவானவை, சமயங்களும் வேறு. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இத்தகைய தெரிவு விநோதமாகக் கருதப்படவில்லை. ஒப்பியல் மொழிநூல் கற்க விரும்பிய மாணவனுக்கு அது ஏறக்குறைய கட்டாயமாகவே இருந்தது. அந்தப் பாடத்திட்டம் எவ்வாறு உருவானது, அது உலகுக்கு எதைத் தந்தது, அதிலிருந்து பிறந்த ஒரு சொல் எவ்வளவு கேடு விளைத்தது என்பதையெல்லாம் இலங்கையர்களாகிய நாம் அறிந்திருக்க வேண்டும் என்று எண்ணியே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

கல்கத்தாவும் பாரிஸும்

இந்தக் கதை வழக்கமாகச் சேர் வில்லியம் ஜோன்ஸிலிருந்து தொடங்கப்படுவதுண்டு. கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதியாக 1783இல் வந்து சேர்ந்த அவர், அதற்கு முன்னரே, 1771இல், பாரசீக மொழிக்கு ஓர் இலக்கண நூல் எழுதியவர். கிரேக்கமும் இலத்தீனும் ஆங்கிலேயக் கல்வியின் வழியாக அவருக்குக் கைவந்திருந்தன. இவ்வளவும் தெரிந்த ஒருவர் சமஸ்கிருதத்தைக் கற்கத் தொடங்கியபோது, அதன் ஒலிகளும் திரிபுகளும் அவருக்கு ஏற்கெனவே பழகியவை போலத் தோன்றியதில் வியப்பில்லை. 1786 பெப்ரவரி 2ஆம் திகதி ஆசியச் சங்கத்தில் ஆற்றிய உரையில், சமஸ்கிருதமும் கிரேக்கமும் இலத்தீனும் இன்று மறைந்துபோயிருக்கக்கூடிய ஒரு பொது மூலத்திலிருந்து தோன்றியிருக்க வேண்டுமென அவர் கூறினார். ஜேர்மானியத்தின் பழைய வடிவமாகிய கோதிக், கெல்ற்றிக், பாரசீகம் ஆகியவற்றையும் அந்தக் குடும்பத்தில் சேர்க்கலாம் என்பது அவரது கருத்து.

இது ஒரு கூர்மையான ஊகம். அதனை நிறுவும் வேலை பாரிஸில் தொடர்ந்தது. பிரான்ஸும் பிரித்தானியாவும் 1803இல் மீண்டும் போரில் இறங்கியபோது, கிழக்கிந்தியக் கம்பனியில் பணியாற்றியவரான அலெக்சாண்டர் ஹமில்டன் பாரிஸில் தடுத்து வைக்கப்பட்டார். அங்கிருந்த சமஸ்கிருத ஏட்டுச் சுவடிகளைப் பட்டியலிட உதவிய அவர், பிரெடரிக் ஷ்லேகல் என்ற ஜேர்மானியருக்குச் சமஸ்கிருதம் கற்பித்தார். ஷ்லேகல் 1808இல் வெளியிட்ட நூல் ஜேர்மன் இளைஞர் பலரை இத்துறைக்கு ஈர்த்தது. அவ்வாறு ஈர்க்கப்பட்டு 1812இல் பாரிஸுக்குச் சென்றவரே பொப். சில்வெஸ்டர் டி சாசியிடம் அரபும் பாரசீகமும் பயின்ற அவர், நான்கு ஆண்டுகளில் மேலே குறிப்பிட்ட நூலை எழுதி முடித்தார். 1821இல் பேர்லின் பல்கலைக்கழகம் அவருக்குப் பேராசிரியர் பதவியளித்தது. ஓர் ஊகம் அவ்வாறு ஒரு பல்கலைக்கழகப் பாடமாயிற்று.

மூன்று மொழிகளின் சந்திப்பில் ஒரு கண்டுபிடிப்பு

பொப்புக்கு முன்னரே, இம்மூன்று மொழிகளின் அறிவும் ஓரிடத்தில் கூடியதால் விளைந்த அற்புதம் ஒன்று உண்டு. ஈரானின் பேர்சிபோலிஸ் இடிபாடுகளில் ஆப்பு வடிவ எழுத்துக்களால் ஆன கல்வெட்டுக்கள் இருந்தன. டென்மார்க் அரசின் பயணக்குழுவில் சென்ற கார்ஸ்டன் நீபூர் என்ற ஜேர்மானியர் 1765இல் அவற்றைத் துல்லியமாகப் பிரதிசெய்து வந்தார். ஆனால் ஓர் எழுத்தைத்தானும் எவராலும் வாசிக்க முடியவில்லை.

1802இல் கோட்டிங்கன் நகரப் பாடசாலை ஆசிரியரான ஜோர்ஜ் பிரெடரிக் குறோட்டபென்ட் அந்தப் புதிரில் இறங்கினார். அவருக்கு வயது 27. அவரது முறை எளிமையானது. பிற்காலப் பாரசீக மன்னர்களின் கல்வெட்டுக்களை டி சாசி வாசித்திருந்தார். இன்னார், மாமன்னன், மன்னர் மன்னன், இன்னாருடைய மகன் என்ற ஒழுங்கில் அவை அமைந்திருந்தன. பழைய கல்வெட்டுக்களும் அதே ஒழுங்கில் அமைந்திருக்கலாமென அவர் கருதினார். ஒரு கல்வெட்டில் மகனாக வருபவர் மன்னர். அவருடைய தந்தையும் மன்னர். மற்றொன்றில் அத்தந்தை மகனாக வருகிறார். ஆனால் அவரைப் பெற்றவருக்கு மன்னர் பட்டம் இல்லை. மன்னரல்லாத ஒருவருக்குப் பிறந்த மன்னர், அவருக்கு மகனாக இன்னொரு மன்னர் - பாரசீக வரலாற்றில் இவ்வாறு யார் உளர்? விடை கிரேக்க வரலாற்றாசிரியரான ஹெரோடோட்டஸின் நூலில் இருந்தது. தந்தை ஹிஸ்டாஸ்பஸ், மகன் டேரியஸ், பேரன் சேர்க்சஸ். கிரேக்கர்கள் தங்கள் நாவுக்கேற்பத் திரித்த அப்பெயர்களுக்குப் பழைய ஈரானிய வடிவங்களைப் பொருத்தியபோது எழுத்துக்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்துகொண்டன.

குறோட்டபென்ட் எல்லா எழுத்துக்களையும் சரியாக வாசித்துவிடவில்லை. அவர் ஒரு பாடசாலை ஆசிரியர் என்பதால் கோட்டிங்கன் அறிஞர் சங்கம் அவரது ஆய்வை முழுமையாக அச்சிடவுமில்லை. முழு ஆய்வும் வெளிவர 1893ஆம் ஆண்டாயிற்று. அவர் மறைந்து நாற்பது ஆண்டுகள் அப்போது கழிந்துவிட்டன. எனினும் பழைய பாரசீகத்தின் பூட்டைத் திறந்த முதல் திறவுகோல் கிரேக்கம் கற்ற ஒரு ஜேர்மன் ஆசிரியரின் கையில்தான் இருந்தது.

ஒலி ஒற்றுமை சான்றாகுமா?

மூன்று மொழிகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும் மாணவன் முதலில் காண்பது இதைத்தான். தந்தைக்குக் கிரேக்கத்தில் 'பத்தேர்', பாரசீகத்தில் 'பெதர்', ஜேர்மனில் 'ஃபாட்டர்'. ஐந்துக்குக் கிரேக்கத்தில் 'பெந்தே', பாரசீகத்தில் 'பஞ்ஜ்', ஜேர்மனில் 'ஃபுன்ஃப்'. பாதத்துக்குக் கிரேக்கத்தில் 'பொத்' என்னும் அடி, பாரசீகத்தில் 'பா', ஜேர்மனில் 'ஃபூஸ்'. கிரேக்கமும் பாரசீகமும் 'ப' என்று தொடங்கும் இடத்தில் ஜேர்மன் 'ஃப' என்று தொடங்குகின்றது. ஒரு சொல்லில் மாத்திரமன்றிச் சொல்லுக்குச் சொல் இது நிகழ்கின்றது. டென்மார்க்கின் றஸ்மஸ் றஸ்க் 1818இலும், நாடோடிக் கதைகளால் நாமறிந்த யாக்கோப் கிறிம் 1822இலும் எடுத்துக்காட்டிய ஒழுங்கு இதுவே.

வினைச்சொல்லில் உறவு இன்னும் ஆழமாகத் தெரியும். 'இருக்கிறது' என்பதற்குக் கிரேக்கம் 'எஸ்தி', ஜேர்மன் 'இஸ்ட்', பாரசீகம் 'அஸ்த்', சமஸ்கிருதம் 'அஸ்தி'. ஒரு சமூகம் அயலாரிடமிருந்து பண்டங்களின் பெயர்களைக் கடன் வாங்கலாம். வினைத்திரிபு முறையை முழுவதுமாகக் கடன் வாங்குவது மிக அரிது. பொப் வினையைத் தேர்ந்தெடுத்ததன் காரணம் இதுதான்.

இந்தியா என்ற பெயரின் பயணமும் இவ்வாறானதே. சமஸ்கிருதத்தின் 'ச' பாரசீகத்தில் 'ஹ' ஆகும். 'சப்த' என்ற ஏழு அங்கே 'ஹஃப்த்'. அவ்வாறே 'சிந்து' 'ஹிந்து' ஆயிற்று. பாரசீகரிடம் கேட்ட கிரேக்கர் அந்த 'ஹ'வையும் விட்டு 'இந்தோஸ்' என்றனர். ஜேர்மனில் அது 'இண்டியன்'.

அதே வேளையில், காதுக்கு ஒன்றாக ஒலிப்பவை எல்லாம் உறவுடையவை அல்ல என்பதையும் இக்கல்வி கற்பித்தது. பாரசீகத்தில் 'பத்' என்றால் கெட்டது. ஆங்கிலத்தில் 'பேட்' என்றாலும் கெட்டது. இரண்டுக்கும் எவ்விதத் தொடர்பும் கிடையாது. கடவுளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லான 'தெயோஸ்', இலத்தீனின் 'தேயுஸ்' ஆகியவையும் ஒரே மூலத்தவை அல்ல. தமிழின் 'பல' என்பதும் அதே பொருளுடைய கிரேக்க 'பொலுஸ்' என்பதும் ஒலியால் நெருங்குகின்றன. அந்த ஒன்றை வைத்துக்கொண்டு கிரேக்கம் தமிழிலிருந்து பிறந்தது எனக் கட்டுரை எழுதுவோர் நம்மிடையே உண்டு. ஒரு வதந்தி இரு வாய்களிலிருந்து வந்தால் அது செய்தியாகிவிடாது என்பது பத்திரிகைத் துறையில் முதலில் கற்கும் பாடம். மொழிநூலும் அதே பாடத்தைத்தான் சொல்கின்றது.

லைப்சிக் மாணவரும் ஆர்மீனிய மொழியும்

1870களில் இக்கல்வியின் தலைநகர் லைப்சிக். 1876இல் ஜெனீவாவிலிருந்து 18 வயது மாணவர் ஒருவர் அங்கு வந்தார். பெயர் பேர்டினண்ட் டி சொசூர். பழைய பாரசீகம் கற்பித்த இளம் ஆசிரியரான ஹைன்றிக் ஹூப்ஷ்மனை அவர் சந்திக்கச் சென்றபோது, கிரேக்கச் சொற்கள் சிலவற்றில் உள்ள 'அ' ஒரு காலத்தில் 'ன்' என்ற ஒலியாக இருந்ததெனக் காட்டும் கட்டுரையொன்று அப்போதுதான் வெளியாகியிருப்பதை ஆசிரியர் உற்சாகத்துடன் கூறினார். சொசூர் திகைத்துப்போனார். பாடசாலையில் ஹெரோடோட்டஸை வாசிக்கையில் அவரே அதனைக் கண்டிருந்தார். எல்லோருக்கும் தெரிந்த விடயம் என்றெண்ணி வெளியில் சொல்லாதிருந்தார்.

இரண்டு ஆண்டுகளின் பின், 21 வயதில், அவர் வெளியிட்ட நூல் இன்னும் துணிச்சலானது. இக்குடும்பத்தின் தாய்மொழியில் சில ஒலிகள் இருந்திருக்க வேண்டும், அவை அப்போது அறியப்பட்ட எல்லாக் கிளைகளிலும் நேரடியாகத் தென்படாது மறைந்துவிட்டன என அவர் கணித்துக் காட்டினார். சொசூர் 1913இல் காலமானார். 1915இல் ஹிட்டைட் மொழி வாசிக்கப்பட்டது. அவர் கணித்த இடங்கள் சிலவற்றில் அம்மொழியில் உண்மையிலேயே ஒரு மெய்யொலி எழுதப்பட்டிருப்பதை 1927இல் போலந்து அறிஞர் குறிலோவிச் எடுத்துக்காட்டினார்.

ஹூப்ஷ்மனின் சொந்தச் சாதனையோ தமிழர்களின் தனிக் கவனத்திற்குரியது. ஆர்மீனிய மொழியில் பாரசீகச் சொற்கள் மலிந்து கிடந்தமையால், அது ஈரானியக் கிளைமொழி என்றே அறிஞர்கள் நம்பிவந்தனர். அச்சொற்கள் கடனாக வந்தவை. அவற்றை நீக்கிவிட்டு அடிப்படையைப் பார்த்தால் ஆர்மீனியம் தனிக்கிளை என்பது புலனாகும் என அவர் 1875இல் நிறுவினார். இதே தருக்கத்தைத்தான் 59 ஆண்டுகளுக்கு முன்னர் சென்னையில் எல்லிஸ் கையாண்டிருந்தார். தெலுங்கில் சமஸ்கிருதச் சொற்கள் எவ்வளவு நிறைந்திருப்பினும், அதன் வேர்ச்சொற்கள் தமிழுடனும் கன்னடத்துடனுமே ஒத்துப்போகின்றன என்பதை அவர் வேர்களை வரிசைப்படுத்திக் காட்டினார். 1819இல் இராமநாதபுரத்தில் அவர் அகால மரணமடைந்தார். அக்கருத்தை விரிவான இலக்கணமாக உலகறியச் செய்தவர் கால்டுவெல். அது 1856இல் நிகழ்ந்தது.

ஒரு சொல்லின் வீழ்ச்சி

இனி, இக்கல்வியின் இருண்ட பக்கத்துக்கு வருவோம். டேரியஸ் மன்னன் தனது கல்லறைக் கல்வெட்டில் தன்னைப் பாரசீகன் என்றும் 'அரிய' குலத்தவன் என்றும் கூறிக்கொள்கிறான். மேதியர்கள் முன்னர் 'அரியோய்' எனப்பட்டனர் என ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். ஈரான் என்ற நாட்டுப் பெயரும் இச்சொல்லிலிருந்து வந்ததே. பாரசீகத்திலும் கிரேக்கத்திலும் இருந்த இந்தச் சொல்லை ஜேர்மன் அறிஞர்கள் எடுத்து, 'ஆரியர்' எனத் தம் முன்னோருக்கும் சூட்டினர். ஷ்லேகல் 1819இல் அதனைக் கௌரவம் என்று பொருள்படும் ஜேர்மன் சொல்லுடன் தொடர்புபடுத்தினார். அத்தொடர்பு பிழையானது, ஆயினும் தேசப் பெருமைக்கு அது இனித்தது.

ஒரு மொழிக் குடும்பத்தின் பெயர் பின்னர் ஒரு குருதியின் பெயராக்கப்பட்டது. அச்சொல்லைப் பரப்பியவர்களில் முக்கியமானவரான மாக்ஸ் முல்லரே 1888இல் இதனைக் கடுமையாக எதிர்த்தார். ஆரிய இனம், ஆரியக் குருதி என்று பேசுவது, மண்டையோட்டின் வடிவை வைத்து அகராதியையோ இலக்கணத்தையோ வகைப்படுத்துவதற்கு ஒப்பான அபத்தம் என்பது அவரது வாதம். ஆனால் சொல் கைநழுவிப் போயிருந்தது.

அதன் விலையை உணர்த்த ஒருவரின் கதை போதும். ஹெர்மன் ஜாக்கப்சோன், மார்பூர்க் பல்கலைக்கழகத்தின் ஒப்பியல் மொழிநூல் பேராசிரியர். ஆரிய மொழிகளுக்கும் பின்னிஷ்-உக்ரிய மொழிகளுக்கும் இடையிலான பழந்தொடர்பை ஆராய்ந்து 1922இல் அவர் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே 'ஆரியர்' என்ற சொல் இருந்தது. அவர் யூத வம்சாவழியினர். 1933 ஏப்ரலில் நாசி அரசு கொண்டுவந்த அரச ஊழியர் சட்டம் 'ஆரியரல்லாதோர்' பதவி வகிப்பதைத் தடைசெய்தது. அச்சட்டத்தின் கீழ் ஜாக்கப்சோன் பணியிலிருந்து இடைநிறுத்தப்பட்டார். ஏப்ரல் 27ஆம் திகதி அவர் புகையிரதத்தின் முன் பாய்ந்து உயிர் நீத்தார். அச்சொல்லின் மெய்ப்பொருளை அவரளவுக்கு அறிந்திருந்தோர் அந்நாட்டில் மிகச் சிலரே. சட்டத்தை இயற்றியவர்களுக்கு மெய்ப்பொருள் தேவைப்படவில்லை.

இலங்கைக்கு வந்த கதை

இத்துறையின் முன்னோடிகளுக்கும் நமது நாட்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. மேலே குறிப்பிட்ட றஸ்க், பாரசீகத்தையும் இந்தியாவையும் கடந்து 1821-22 காலப்பகுதியில் கொழும்பில் தங்கியிருந்து சிங்கள எழுத்துமுறை பற்றி எழுதினார். அவருக்குப் பின் வந்தவர் வில்ஹெல்ம் கைகர். 1856இல் நூறெம்பேர்க் நகரில் பிறந்த கைகர், முதலில் ஒரு பாரசீக மொழி அறிஞர். பண்டைய ஈரானியப் பண்பாடு பற்றி 1882இல் நூல் எழுதியவர். 1895இல் முதன்முறையாக இலங்கைக்கு வந்தார். சிங்களம் இந்தோ-ஆரிய மொழியே என்பதை ஒப்பியல் முறையால் உறுதிப்படுத்தியவர் அவர். மகாவம்சத்தின் பாளி மூலத்தை 1908இல் பதிப்பித்து, 1912இல் ஆங்கிலத்தில் தந்தவரும் அவரே. கதிரியக்கத்தை அளக்கும் கைகர் மானியின் பெயருக்குரிய ஹான்ஸ் கைகர் அவருடைய புதல்வர்.

கைகர் கூறியது மொழியைப் பற்றி. இலங்கை அரசியல் அதனைக் குருதியைப் பற்றியதாகக் கேட்டது. இருபதாம் நூற்றாண்டு முழுவதும் 'ஆரியச் சிங்களவர்', 'திராவிடத் தமிழர்' என்ற சொற்கள் மேடைகளில் முழங்கின. நான் பத்திரிகையில் பணியாற்றிய காலத்தில், ஆசிரியர் பீடத்துக்கு வந்த கடிதங்கள் எத்தனையோ இந்த இரு சொற்களில் தொடங்கி வசையில் முடிந்தன. தமிழில் வந்தவையும் அவற்றுள் அடங்கும். எந்த மொழிக்குடும்பம் என்ற வினாவுக்கும், யாருக்கு இந்நாட்டில் உரிமை என்ற வினாவுக்கும் தொடர்பில்லை என்பதை அக்கடிதங்களை எழுதியோர் ஒருபோதும் எண்ணிப்பார்த்ததாகத் தெரியவில்லை.

வரலாறு இத்தகைய பிரிவினைகளுக்கு அடங்குவதில்லை. யாழ்ப்பாணத் தமிழ் இராச்சியத்தை ஆண்ட மன்னர்கள் தாங்கிய பட்டம் 'ஆரியச்சக்கரவர்த்தி'. ஆரிய மொழியான சிங்களத்தில் அக்காவை 'அக்கா' என்றும், கடையைக் 'கடே' என்றும், காணியை 'இடம' என்றும் அன்றாடம் சொல்கிறார்கள். ஆரியம் என்ற கருத்து சிங்கள அடையாளத்துக்குள் எவ்வாறு நுழைந்தது என்பதை வரலாற்றுப் பேராசிரியர் ஆர். ஏ. எல். எச். குணவர்தன 1979இல் எழுதிய ஆய்வுக்கட்டுரையில் அஞ்சாது எடுத்துரைத்தார். சிங்களப் புலமையாளர் ஒருவரிடமிருந்து அது வந்தமை குறிப்பிடத்தக்கது.

நமக்கு என்ன பயன்?

கிரேக்கமும் பாரசீகமும் கற்றுத் தமிழன் காணப்போவது என்ன என்று கேட்போர் இருக்கக்கூடும். தமிழையும் அதன் உறவு மொழிகளையும் ஆராய்வோர் இன்றும் கைவிட முடியாத நூல் 'திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி'. 1961இல் அதனை வெளியிட்ட இருவருள், தோமஸ் பரோ ஒக்ஸ்போர்டில் சமஸ்கிருதப் பேராசிரியர்; எமனோ கனடாவில் கிரேக்கமும் இலத்தீனும் பயின்று, பின்னர் யேல் பல்கலைக்கழகத்தில் சமஸ்கிருதத்தில் தேர்ந்தவர். அங்கே பழகிய முறையைக் கொண்டே அவர் நீலகிரியில் தோடர், கோத்தர் மொழிகளை ஆராய்ந்தார். நமது மண்ணில் நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் பல மொழிகளைக் கற்று, 1938இல் வெளிவரத் தொடங்கிய தமது சொற்பிறப்பு ஒப்பியல் தமிழ் அகராதியில் தமிழ் வேர்களை ஐரோப்பிய மொழிகளுடன் ஒப்பிட முயன்றார். அவரது முடிவுகளைப் பெரும்பாலான மொழியியலாளர் ஏற்கவில்லை. எனினும் யாழ்ப்பாணத்திலிருந்தவாறு அத்தகைய பணியைத் தனித்து மேற்கொண்ட அவரது உழைப்பு போற்றுதற்குரியது.

இன்று புலம்பெயர்ந்த நாடுகளில் வளரும் நம் பிள்ளைகளுள் பலருக்கு ஜேர்மனோ பிரெஞ்சோ இயல்பாகவே வாய்த்துவிடுகின்றது. பேர்லினிலும் பாரிஸிலும் இத்துறைகளின் வகுப்பறைகள் அவர்களுக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. மருத்துவமும் பொறியியலும் கணக்கியலும் மாத்திரமே கல்வி என்று நாம் பிடிவாதம் பிடிக்காதிருந்தால், அவர்களில் ஓரிருவர் கிரேக்கத்தையும் பாரசீகத்தையும் தமிழுடன் சேர்த்துப் பயிலக்கூடும். தமிழின் தொன்மையைப் பற்றி உரத்துப் பேச நம்மிடையே ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அதனை உலக அரங்கில் சான்றுகளுடன் எடுத்துரைக்கக் கூடியவர்களின் தொகையோ மிகச் சிறிது.